பிறர் செய்ததில் நமக்குள்ள பாடம்

(அறக்கட்டளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் அச்சிட்டு உங்கள் கையில் கொடுத்திருக்கிறோம். அதை நான் இங்கே மறுபடி வாசிக்கப் போவதில்லை. எனக்குக் கொடுத்த நேரத்தில் வேறொரு விஷயம் பேச விரும்புகிறேன். நம்மைப் போன்ற சிறிய அறக்கட்டளை, பெரிய கம்பெனிகளும் அரசுத் துறைகளும் ஆஸ்பத்திரிகளும் வேலை செய்த விதத்தைப் பார்த்து என்ன கற்றுக்கொள்ள முடியும்? இதைப் பற்றி நிர்வாகக் குழுவில் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று உங்கள் முன்னால் வைக்கிறேன். இதன் கடைசியில் உங்களிடம் ஒரு வேலையும் கேட்கப் போகிறேன்.

கல்லூரியில் இதற்கு 'கேஸ் ஸ்டடி' என்று பெயர். 1908-ல் தொடங்கிய ஹார்வர்டு வணிகப் பள்ளி, சட்டக் கல்லூரிக்காரர்கள் வழக்குகளை வைத்துப் பாடம் நடத்துவதைப் பார்த்துத்தான் இந்த முறையை எடுத்துக்கொண்டது. மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதில்லை. 'ஒருவர் இப்படிச் செய்துவிட்டார், இப்போது என்ன சட்டம்?' என்று மஸ்அலாவாக வைத்துத்தானே உஸ்தாதுகள் நமக்குப் பாடம் எடுத்தார்கள்? சூழ்நிலை மாறினால் பதிலும் மாறும் என்பதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள் நாம்.

ஆனால் ஒன்று. வெற்றிக் கதை வேறு, கேஸ் ஸ்டடி வேறு. வாட்ஸ்அப்பில் தினமும் நாலு வருகிறது: தெருவில் டீ விற்றவர் கோடீஸ்வரர் ஆனார், ஒரே யோசனையில் கம்பெனி நிமிர்ந்தது என்று. படித்தால் மனதுக்கு உற்சாகமாக இருக்கும், மறுநாள் காலையில் செய்ய அதில் எதுவும் இருக்காது. மும்பை டப்பாவாலாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1890 முதல் நடந்து வரும் தொழில். லட்சக்கணக்கான டப்பாக்களில் ஒன்றுதான் தவறுகிறது என்ற கணக்கை மேடைக்கு மேடை சொல்கிறார்கள். அது யாரும் உட்கார்ந்து எண்ணி எடுத்த கணக்கல்ல, வாய்மொழியாகச் சொன்னது பரவியது. நமக்கு வேண்டியது அந்த எண்ணும் அல்ல. டப்பாவின் மூடியில் வண்ணத்திலும் எழுத்திலும் எண்ணிலும் அவர்கள் போடும் குறியீடு இருக்கிறதே, அதுதான் பாடம். அதிகம் படிக்காத ஒருவரும் ஓடும் அவசரத்தில் ஒரு பார்வையில் புரிந்துகொள்ளலாம். எந்த ஸ்டேஷனில் இறக்க வேண்டும், எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி, எல்லாம் அதில் இருக்கும். நம்முடைய விண்ணப்பப் படிவத்தை ஒருமுறை மனதில் கொண்டுவந்து பாருங்கள். எட்டாம் வகுப்போடு நின்ற ஒரு தாய் அதைத் தனியாக நிரப்ப முடியுமா?

இனி நமக்கு மிகப் பக்கத்தில் உள்ளதைப் பார்ப்போம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. டாக்டர் வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல், 11 படுக்கைகளோடு ஒரு வீட்டில் தொடங்கினார். மூட்டுவாத நோயால் விரல்கள் கோணிப்போனவர் அவர். அந்தக் கையாலேயே அறுவை செய்யப் பழகிக்கொண்டவர். ஹார்வர்டில் இந்த ஆஸ்பத்திரியை 1993-ல் பாடமாக எழுதினார்கள். உலகமெங்கும் வணிகம் படிக்கிறவர்கள் இதைப் படிக்கிறார்கள். நாமோ கண்ணாடி மாற்ற மதுரை போய்விட்டு, ஜிகர்தண்டா குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறோம்.

அங்கே பார்க்க வேண்டியது என்ன? 'இலவசமாகச் செய்கிறார்கள்' என்று நம்மவர்கள் சொல்வார்கள். அது முடிவு மட்டும்தான். எப்படி முடிகிறது என்பதல்லவா கேள்வி? அறுவை அரங்கில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளியைத் தயார் செய்துவிடுவார்கள். முதலாவது முடிந்ததும் டாக்டர் மைக்ராஸ்கோப்பைத் திருப்பிக்கொண்டு அடுத்ததைத் தொடங்குவார். டாக்டர் மட்டுமே செய்யக்கூடிய வேலையை டாக்டர் செய்கிறார், மற்ற வேலைகளையெல்லாம் பயிற்சி பெற்ற பெண்கள் செய்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டக் கிராமங்களில் பள்ளிப் படிப்பு முடித்த பெண்கள். ஊருக்கு ஊர் ஒரே மாதிரியாக வேலை நடப்பதற்கு மெக்டொனால்ட்ஸ் கடையையே டாக்டர் முன்மாதிரியாகச் சொல்வார். ரொட்டிக் கடையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பாடம் எடுக்க அவர் கூச்சப்படவில்லை. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தபோது 100 டாலர் அளவில் விலை. 1992-ல் ஆரோலாப் தொடங்கி மதுரையிலேயே செய்ய ஆரம்பித்து, அதை 10 டாலர் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். பணம் கட்டக்கூடியவர்கள் கட்டுகிறார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இலவசமாகவோ சலுகையிலோ சிகிச்சை நடக்கிறது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. கிராமங்களில் கண் முகாம் நடத்தி, 'உங்களுக்குக் கண்புரை, ஆபரேஷன் இலவசம், ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்' என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். பலர் வரவில்லை. நாமாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? 'இலவசமாகக் கொடுத்தாலும் நம் ஜனங்களுக்கு அருமை தெரியவில்லை' என்று சொல்லிவிட்டு அடுத்த முகாமுக்கு பேனர் அடித்திருப்போம். அவர்கள் அந்த ஜனங்களின் வீட்டுக்கே போய் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். பஸ்ஸுக்குக் காசில்லை. கூட வர ஆளில்லை. அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வது? வேலைக்குப் போகாவிட்டால் கூலி போகும். கண்ணில் கத்தி வைத்தால் இருக்கிற பார்வையும் போய்விடுமோ என்ற பயம். ஆபரேஷன் மட்டும் இலவசமாக இருந்ததே தவிர, ஆபரேஷனுக்குப் போவது இலவசமாக இல்லை.

அதன் பிறகு முகாம் முடிந்த அன்றே பஸ்ஸில் ஏற்றி அழைத்துப் போனார்கள். சாப்பாடு, தங்குமிடம், திரும்பி வரும் பஸ் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து போவதால் பயமும் குறைந்தது. கண்ணாடி விஷயத்திலும் இதே கதைதான். சீட்டு மட்டும் எழுதிக் கொடுத்தால் பலர் டவுனுக்குப் போய் வாங்குவதில்லை என்று தெரிந்ததும், முகாமிலேயே கண்ணாடியைத் தயார் செய்து கையில் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

நம் மருத்துவ உதவித் திட்டத்தில் பரிந்துரைக் கடிதம் கொடுக்கிறோம். கடிதம் வாங்கிப் போனவர் ஆஸ்பத்திரிக்குப் போனாரா என்று கேட்க நம்மிடம் இதுவரை ஒரு ஏற்பாடு கிடையாது. வருகிற மாதம் முதல் கடிதத்தின் நகல் ஒன்று அலுவலகத்தில் இருக்கும். 15 நாள் கழித்து நம் மகளிர் குழுவிலிருந்து ஒருவர் அந்த வீட்டுக்குப் போய் விசாரிப்பார். பெண் நோயாளியாக இருந்து கூட வர ஆளில்லையென்றால், ஆள் அனுப்புவதும் உதவியில் சேரும். ஆட்டோ கூலியும் சேரும்.

அரசுத் துறையில் என்ன கற்றுக்கொள்வது என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்க வேண்டாம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்று இருக்கிறது, 1994-ல் தொடங்கியது. அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மாத்திரை அட்டையில் அரசு முத்திரையும் 'விற்பனைக்கு அல்ல' என்ற வாசகமும் பார்த்திருப்பீர்கள், அது இவர்கள் வேலை. அதற்கு முன் மருந்து வாங்குவது பல கை மாறி நடந்தது. ஒரு ஊரில் மருந்தே இருக்காது, இன்னொரு ஊரில் காலாவதியாகிக் கிடக்கும். கழகம் வந்த பிறகு, அவசியமான மருந்துகளுக்கு ஒரு பட்டியல் போட்டு, கம்பெனிப் பெயரில் வாங்காமல் மருந்தின் சொந்தப் பெயரில், வெளிப்படையான டெண்டரில் மொத்தமாக வாங்கினார்கள். மாவட்டக் கிடங்குகளில் இறக்கினார்கள். வந்த மருந்தில் மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்து, ரகசியக் குறி போட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். யாருடைய மருந்தைச் சோதிக்கிறோம் என்று சோதிப்பவருக்கே தெரியாது.

இதில் எனக்குப் பிடித்தது பாஸ்புத்தகம். பேங்கில் நமக்கு இருப்பது போல ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புத்தகம். ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று அதில் வரவு வைத்துவிடுவார்கள். கிடங்குக்குப் போய் எது தேவையோ அதை எடுக்கலாம், எடுத்ததின் விலை கழிந்துகொண்டே வரும். என்ன மருந்து வேண்டும் என்பதை மேலே இருப்பவர் முடிவு செய்வதில்லை, நோயாளிக்குப் பக்கத்தில் இருப்பவர் முடிவு செய்கிறார். ஆனால் எல்லை உண்டு, எழுத்தில் கணக்கு உண்டு. கேரளா 2007-லும் ராஜஸ்தான் 2011-லும் இதே வழியில் தங்களுக்கென்று கழகம் அமைத்தார்கள்.

இதை நாம் அப்படியே நம் தெருவுக்குக் கொண்டுவரலாம். தொடர்ந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் முதியவர்கள் மாதாமாதம் அலுவலக வாசலில் நின்று, எல்லோர் முன்னிலையிலும் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. கேட்கக் கூச்சப்பட்டு ஒரு மாதம் மாத்திரையை விட்டுவிடுபவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு பாஸ்புத்தகம் கொடுத்துவிட்டால், ஒப்பந்தமுள்ள மருந்துக் கடையில் போய் வாங்கிக்கொள்ளலாம். கடைக்காரர் எழுதுவார், மாதக் கடைசியில் நாம் கணக்குத் தீர்ப்போம். ஜகாத் பணத்தில் யாருக்கு உரிமை என்பதை விசாரித்து முடிவு செய்தாகிவிட்டது என்றால், அதன் பிறகு உரிமை உள்ளவரை ஏன் ஒவ்வொரு மாதமும் வாசலில் நிறுத்த வேண்டும்? இந்தத் திட்டத்துக்கு நிர்வாகக் குழு ஒப்புதல் கொடுத்துவிட்டது. இரண்டு கடைக்காரர்கள் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள்.

பிறரைப் பார்த்துச் செய்வதில் ஆபத்தும் உண்டு. அதற்கும் ஒரு கேஸ் இருக்கிறது. பங்களாதேஷில் ஜோப்ரா என்ற கிராமத்தில் பேராசிரியர் முஹம்மது யூனுஸ் 1976-ல் 42 பேருக்குச் சேர்த்து 27 டாலர் அளவில் கடன் கொடுத்தார். அதிலிருந்து கிராமீன் வங்கி வளர்ந்தது, 2006-ல் நோபல் பரிசும் வந்தது. உலகமே பார்த்துக் காப்பி அடித்தது. எதைக் காப்பி அடித்தார்கள்? ஏழைப் பெண்கள் குழுவாக உட்கார்ந்தால் கடன் திரும்பி வரும் என்ற ஒன்றை மட்டும். லாபக் கம்பெனிகள் போட்டி போட்டு இறங்கின. ஆந்திராவில் ஒரே வீட்டில் நாலைந்து கம்பெனிக் கடன் ஆனது. ஒன்றை அடைக்க இன்னொன்று. தற்கொலைகள் செய்தியாயின. 2010-ல் அரசு அவசரச் சட்டம் போட வேண்டியதாயிற்று. நம் பகுதியிலும் வாரக் கடன் வசூலுக்கு ஆள் வரும் நாளில் கதவைச் சாத்திக்கொள்ளும் வீடுகள் உண்டு. பெயர் சொல்ல வேண்டியதில்லை, இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்குத் தெரியும். ஒருவர் கட்டாவிட்டால் குழுவில் உள்ள மற்றவர்கள் அவர் வீட்டு வாசலில் உட்கார வேண்டும் என்பது உதவியா, உபத்திரவமா?

அதே யோசனையை வேறு விதமாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். லாகூரில் டாக்டர் அம்ஜத் சாகிப் 2001-ல் தொடங்கிய அகுவத், வட்டியில்லாமல் கடன் கொடுக்கிறது. கட்டடம் கட்டிச் செலவு செய்யாமல் பள்ளிவாசல்களிலும் தேவாலயங்களிலும் மக்களைக் கூட்டிக் கடன் வழங்கினார்கள். வாங்கியவர்களில் பலர் தங்கள் கால் ஊன்றியதும் நன்கொடை கொடுப்பவர்களாக மாறினார்கள். 2021-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. நம் பைத்துல்மாலில் அழகிய கடன் திட்டம் கொண்டுவர வேண்டும் என்று பல இளைஞர்கள் கேட்கிறீர்கள். நல்ல யோசனை, ஆனால் நான் அவசரப்படமாட்டேன். திரும்பி வராத கடனை யார் தாங்குவது, யார் போய்க் கேட்பது என்பதை எழுதி முடித்த பிறகுதான் முதல் ரூபாய் வெளியே போக வேண்டும்.

இப்போது உங்களிடம் கேட்பதாகச் சொன்ன வேலைக்கு வருகிறேன்.

1935 அக்டோபரில் அமெரிக்காவில் போயிங் கம்பெனியின் புதிய நாலு எஞ்சின் விமானம் ராணுவத்தின் சோதனைப் பறப்பில் விழுந்து நொறுங்கியது. விமானத்தில் கோளாறு இல்லை. தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாமலிருக்க வால் பகுதியில் போடும் பூட்டை எடுக்காமலே கிளப்பிவிட்டார்கள். ஓட்டியவர் கைதேர்ந்த விமானி. அதன் பிறகு விமானிகள் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் எழுதினார்கள்: கிளம்பும் முன் இது, ஏறும்போது இது, இறங்கும் முன் இது. அந்த வகை விமானம் பின்னால் 12,000-க்கும் மேல் தயாரானது. இதே யோசனையை 70 ஆண்டுகள் கழித்து ஆஸ்பத்திரிக்காரர்கள் எடுத்தார்கள். டாக்டர் அதுல் கவாண்டே தலைமையில் உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கு 19 கேள்விகள் கொண்ட பட்டியல் தயாரித்தது. சரியான நோயாளிதானா, சரியான பக்கம்தானா, மருந்து ஒவ்வாமை உண்டா என்பது போன்ற சாதாரணக் கேள்விகள். டெல்லி, அம்மான், மணிலா, லண்டன் உட்பட 8 நகரங்களில் சோதித்துப் பார்த்தார்கள். அறுவைக்குப் பின் இறந்தவர்கள் நூற்றுக்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆனது. புதிய மருந்து இல்லை, புதிய மெஷின் இல்லை. ஒரு தாள்.

நம் கல்வி உதவிக்கும், அரசின் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு தாள் தயார் செய்திருக்கிறோம். வருமானச் சான்றிதழ் காலாவதி ஆகவில்லையா, பேங்க் கணக்கு பிள்ளையின் பெயரில் நடப்பில் இருக்கிறதா என்று பத்துக் கேள்விகள்தான். அதில் முதல் கேள்வி: எல்லாத் தாளிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா?

சிரிக்கிறீர்கள், காரணம் புரிகிறது. ஆதாரில் 'மொஹமத்', மாற்றுச் சான்றிதழில் 'முகமது', பேங்கில் 'எம்.டி.' என்று சுருக்கம். தாயின் பெயர் ஒன்றில் பீவி, இன்னொன்றில் பேகம். கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று வெவ்வேறு ஆட்கள். விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். அதன் பிறகு சரி செய்ய ஆபீஸ் ஆபீஸாக அலைந்து முடிப்பதற்குள் கடைசித் தேதி போய்விடும். பிள்ளைக்கு ஒரு வருடப் பணம் போகும்.

டொயோட்டா கார் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. மெஷின் நின்றுவிட்டால் ஃபியூஸை மாற்றிவிட்டுப் போகமாட்டார்கள், ஏன் என்று ஐந்து முறை கேட்பார்கள். நாமும் கேட்டுப் பார்ப்போம். விண்ணப்பம் ஏன் திரும்பியது? பெயர் ஒத்துப்போகவில்லை. ஏன்? ஸ்கூலில் சேர்த்தபோது வேறு மாதிரி எழுதிவிட்டார்கள். ஏன்? அத்தா சவூதியில், சேர்க்கப் போனது சித்தப்பா, அவர் வாயால் சொன்னதை கிளார்க் காதில் விழுந்தபடி எழுதினார். பிறப்புச் சான்றிதழைக் காட்டியிருக்கலாமே? காட்டினார்கள், அதில் பெயர் இல்லை. ஏன் இல்லை? ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்ததும் பெயர் இல்லாமலே பதிவாகிவிடும். பெயரைப் பிறகு நாம்தான் போய்ச் சேர்க்க வேண்டும். யாரும் போகவில்லை.

பிறப்பைப் பதிவு செய்த 12 மாதத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணம் கிடையாது. அதற்குப் பிறகும் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். பத்தாம் வகுப்பில் படும் பாட்டுக்கான மருந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. குழந்தை பிறந்த ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பெயர் சூட்டுகிறோம். வீட்டில் எல்லோரும் கூடியிருக்கும் நாள் அது, ஹஜ்ரத்தும் வருகிறார். அன்றைக்கே பெயர் சேர்க்கும் விண்ணப்பத்தை நிரப்பிவிட்டால் என்ன? ஹஜ்ரத்திடம் பேசிவிட்டோம். பெயர் சூட்டும் வீடுகளுக்கு அறக்கட்டளையிலிருந்து ஒரு தம்பி விண்ணப்பத்தோடு வருவார், நிரப்பித் தருவார், அலுவலகத்தில் கொடுத்து ரசீதும் வாங்கி வருவார்.

ஏற்கெனவே வளர்ந்த பிள்ளைகளுக்கு, வரும் ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மத்ரஸா கூடத்தில் மேசை போடுகிறோம். பெண்களுக்குத் தனி மேசை, மகளிர் குழுவினர் இருப்பார்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்றிதழ், பேங்க் பாஸ்புத்தகம் நான்கையும் கொண்டுவாருங்கள், ஒரிஜினலோடு ஒரு நகலும். பிள்ளைக்கு 15 வயது நெருங்குகிறது என்றால் முதலில் வந்துவிடுங்கள். வருவதற்கு முன் ஒரே ஒரு வேலை: எந்த எழுத்தில் பெயர் இருக்க வேண்டும் என்று வீட்டில் பேசி முடித்துக்கொண்டு வாருங்கள். இங்கிலீஷில் 'யு' போடுவதா 'ஓ' போடுவதா என்று மேசைக்கு முன்னால் நின்று அத்தாவும் மாமாவும் வாதாட ஆரம்பித்தால், வரிசை இஷா வரை நகராது.